கைகளை மறந்த படம்

1

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு படிவங்கள் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. இரண்டும் என் மகள் ரூத்தின் புகைப்படம் பற்றியவை. ஒன்று, பாஸ்போர்ட் புதுப்பிக்க. ஜனவரியில் ஆவடியில் என் அம்மாவுக்கு முதல் வருஷப் பூசை. போயே ஆக வேண்டும். ரூத்தின் பாஸ்போர்ட்டோ கோடையிலேயே காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து. இங்கே கனடாவில் வருஷத்துக்கு ஒரு நாள் படம் எடுப்பவர்கள் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து எடுப்பார்கள். எத்தனை பிரதி வேண்டும், பின்னணி நீலமா சாம்பலா என்றெல்லாம் பெற்றோர் முன்கூட்டியே கணினியில் குறித்து அனுப்பிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் படத்துக்கான விதிகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. சிரிக்கக் கூடாது, முடி கண்ணை மறைக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது. நடுவில் ஒரு வரி: தோலின் இயல்பான நிறம் தெரிய வேண்டும், படத்தை எவ்விதத்திலும் திருத்தக் கூடாது. அந்த வரியை மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டுப் பெண்ணை உள்ளது உள்ளபடி கேட்ட முதல் ஆள் ஓர் அரசாங்க அலுவலகம் என்பதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா இருந்திருந்தால் ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பேன். அவள் சிரித்திருக்க மாட்டாள்.

பள்ளிக்கூடப் படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் பரு, தழும்பு நீக்க. இரண்டாவது, முகத்தின் நிறத்தைச் சீராக்க. சீராக்குவது என்றால் வெளுப்பது. அப்படி எழுத மாட்டார்கள். இந்த ஊரில் எதையும் நேராக எழுதுகிற வழக்கம் கிடையாது.

ரூத் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்திலிருந்து அந்த இரண்டாவது கட்டத்தை நான் டிக் செய்து வந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்திருந்தால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அவளுக்கு இப்போது பதினான்கு வயது.

பாஸ்போர்ட் படம் எடுக்கக் கடைத்தெருவில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். முதல் படம் சரியில்லை என்றார். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று எடுத்தார், அதுவும் சரியில்லை. முகத்தின் விவரம் பதியவில்லை, என் விளக்கு வேறு மாதிரி முகங்களுக்கு அமைத்தது, மன்னிக்க வேண்டும் என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். அவர் ஒவ்வொரு தடவை மன்னிப்புக் கேட்டபோதும் ரூத்தின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. ஐந்தாவது படம் தேறியது. காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை என் அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை.

2

எங்கள் வீடு ஆவடி சேக்காட்டில். நைனா அரசாங்கத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா, நான், எனக்கு நான்கு வயது இளைய தம்பி அந்தோணி. என் பெயர் பிலோமினா. பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் ஆசிரியைகளும் பங்குச் சாமியாரும்தான். மற்றவர்களுக்கு நான் கறுப்பி. அதில் வெறுப்பு ஒன்றும் கிடையாது. தெருவில் ஒரு குண்டு மேரி இருந்தாள், ஒரு நெட்டை ராஜி இருந்தாள், நான் கறுப்பி. கரண்ட் போனால் பசங்கள், "பிலோ, கொஞ்சம் சிரி, எங்க கீறன்னு பாக்கலாம்" என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் உண்டு. மாட்டுத் தொழுவம், இடையர், வானதூதர், மூன்று ராஜாக்கள். மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பர் என்பது ஐதீகம். ஏழு வயதிலிருந்து பதினாறு வயதுவரை அந்தக் கறுப்பு ராஜா நான்தான். மையால் மீசை வரைந்து, அட்டைக் கிரீடம் வைத்து, கையில் தூபக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வருஷம், எனக்குப் பத்து வயது இருக்கும், நான் வானதூதர் ஆக வேண்டும் என்று கேட்டேன். நாடகம் பழக்கிய சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டி, "ராஜான்னா சும்மாவாடி? தூதருங்க பத்து பேரு, ராஜா மூணே பேரு" என்றார். அந்தக் கணக்கு எனக்கு அன்று நியாயமாகவே பட்டது. மாதாவாக வருஷா வருஷம் நடித்தவள் மில்லுக்காரர் மகள். அவளுக்கு வசனம் ஒரு வரி வராது. மாதாவுக்கு வசனம் தேவையில்லை, வெளுப்பாக உட்கார்ந்திருந்தால் போதும்.

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. சொன்னவர்கள் எல்லோரும் சிவப்பானவர்கள். காந்தலை அவர்கள் யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

அம்மாவும் என் நிறம்தான். அதனால்தான் அவளுக்கு என்மேல் அவ்வளவு கோபம் என்று இப்போது புரிகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் அம்மாவுக்கு நான் காக்கைக் குஞ்சாகவேதான் தெரிந்தேன். நான் பெரியவளானதும் பாலாடை, கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள் என்று ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முகத்தில் பூசி, காயும்வரை பேசக் கூடாது என்று உட்கார வைப்பாள். மாடியில் துணி காயப் போட அந்தோணிதான் போக வேண்டும். "வெயில்ல நிக்காதடி, இருக்கறதும் பூடும்" என்பாள். என்னிடம் என்ன இருந்தது, எது போய்விடும் என்று நான் கேட்டதில்லை.

அவள் என்னை அடித்ததில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வந்தபோது என் முழங்கையைப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோல் எரிந்து நான் கையை இழுத்தேன். அவள் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

3

இருபத்தொரு வயதில், எண்பத்தெட்டில், எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வரனுக்குப் படம் வேண்டும். ஆவடி மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ. அதை வைத்திருந்தவர் சேகர். கல்யாணப் படங்களுக்குப் பேர்போனவர். கலர் வந்துவிட்டிருந்த காலம். நான் கலரில் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு மயில்கழுத்து நிறப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். சேகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார்.

"கலர் வாணாம்மா. கலர்ல என்னால ஒண்ணியும் பண்ண முடியாது. கறுப்பு வெள்ளைன்னா மூஞ்சிய நான் பாத்துக்கறேன்."

அம்மா உடனே தலையாட்டினாள். முதுகு உயர்ந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி, இரண்டு கையையும் மடியில் கோத்து வைக்கச் சொல்லி எடுத்தார். நைனாவின் ஊர்க்காரர்களிடம் காட்ட முழுப்படமாக வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து வாங்கப் போனபோது சேகர் இன்னும் முடிக்கவில்லை. சாய்வுப் பலகையில் அடியிலிருந்து விளக்கு வைத்து, நெகட்டிவின் மேல் கூர்பென்சிலால் நுணுக்கி நுணுக்கித் தீட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நெகட்டிவில் என் முகம் வெளுப்பு, பல் கறுப்பு, கூந்தல் நரைத்த மாதிரி. வெளுப்பாகத் தெரிந்த முகத்தில் அவர் கரியைப் பூசிக்கொண்டிருந்தார். ஏன் கறுப்பாக்குகிறீர்கள் என்று பதறிக் கேட்டேன். அவர் சிரித்தார். இதில் எவ்வளவு கறுக்கிறதோ படத்தில் அவ்வளவு வெளுக்கும் என்று விளக்கினார். வேலையில் சுத்தக்காரர். மூக்கின் இரு பக்கமும், கழுத்து மடிப்பு, காது மடல் எல்லாம் விடாமல் தீட்டினார்.

படம் வந்தது. அதில் இருந்தவள் அழகி. எனக்கு அவளைப் பிடித்துப் போனது என்பதை மறைக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி பக்கத்தில் படத்தை வைத்துக்கொண்டு, அவள் மாதிரி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அன்று யாரும் படத்தின் கீழ்ப்பாதியைப் பார்க்கவில்லை.

4

வரன் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தது. பையன் பெயர் சேவியர், பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். அவன் அம்மாவும் அக்காவும் குமணன்சாவடியில் பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தாள் என் அம்மா. சேக்காட்டில் அந்நேரம் வோல்டேஜ் இறங்கி பல்பு மஞ்சளாக எரியும். முகத்தில் அரை டப்பா பவுடர். அந்த அம்மாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முந்திரிக்கேக் ஊட்டினார். நல்ல மனுஷி. மாநிறம், லட்சணமான பொண்ணு என்று மகனுக்கு எழுதிவிட்டு, கூடவே படத்தையும் அனுப்பினார். பதில் வந்தது, அவனுக்குப் பிடித்திருக்கிறதாம்.

இது மற்ற மதத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசையின் கடைசியில் சத்தமாக அறிவிப்பார்கள். பெண் வீட்டுப் பங்கிலும் பையன் வீட்டுப் பங்கிலும் மூன்று மூன்று முறை. மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. வளைகுடாவிலிருந்து வருகிற மாப்பிள்ளைகளுக்கு லீவு குறைச்சல். அதனால் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே ஓலை ஆரம்பித்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் பாடகர் குழுவில் இருந்தேன். என் பெயரும் அவன் பெயரும் ஒலிபெருக்கியில் சேர்ந்து கேட்டபோது முதுகு குளிர்ந்தது. மாதாவாக நடித்த மில்லுக்காரர் மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இன்னும் ஆகியிருக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது, ஒளிப்பானேன். இரண்டாவது ஓலைக்கு நைனா தொழிற்சாலை நண்பர்களையெல்லாம் கோயிலுக்குக் கூட்டி வந்திருந்தார்.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவதற்கும் நடுவில் சேவியர் வந்து இறங்கினான். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். நல்ல வெயில். அம்மா சாயங்காலம் வரட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தாள், அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் கிணற்றடியில் இருந்தேன். பவுடர் இல்லை, பொட்டுகூட இல்லை. வாசலில் நின்றவன் என்னைப் பார்த்து, வீட்டில் பிலோமினா இருக்காங்களா என்று என்னிடமே கேட்டான்.

பெரியவர்கள் எங்களைக் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். அவன் என்னைவிட ஒரு படி கறுப்பு. பஹ்ரைன் வெயில் இன்னும் ஒரு படி ஏற்றியிருந்தது. சட்டைப் பையிலிருந்து என் படத்தை எடுத்து மேசையில் வைத்தான். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க," என்றான். "ஆறு மாசமா இத்த பாத்துகினே இருந்தேன். கை மட்டும் கறுப்பா இருந்திச்சி. நெழலு விழுந்துகீதுன்னு நெனச்சிகினேன்."

அப்போதுதான் நான் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்ற முகத்துக்குக் கீழே, மடியில் கோத்து வைத்த இரண்டு கைகளும் என் கைகளாகவே இருந்தன. சேகர் கையை மறந்துவிட்டிருந்தார்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அங்கே தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றான். எஜமானின் பிள்ளை, ஆறு வயது, அவனைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்ததைச் சொன்னான். பிறக்கிற பிள்ளைகளாவது இதிலிருந்து தப்பட்டும் என்று பார்த்தேன் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நைனாவிடம் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மூன்றாவது ஓலை. அம்மா எனக்கு மல்லிகைப்பூவைத் தைத்துவிட்டாள். வாசித்துவிடுவார்கள், வாசித்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நற்கருணை முடிந்து, சாமியார் அறிவிப்புகளை எடுத்தார். மறைக்கல்வி வகுப்பு நேரம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்கிற நாள், வேறு யாரோ இருவருக்கு முதல் ஓலை. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள் என்றார். கோயில் முழுக்க எழுந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு வாரமாகக் கேட்டிருந்தார்களே, தெரிவித்துவிட்டான். முந்தின நாள் சாயங்காலமே சாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான். கடைசிப் பாட்டை என்னைத் தவிர எல்லோரும் பாடினார்கள்.

திங்கட்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். மகளை மாற்றி வரைந்தாயே, ஊரை ஏமாற்றினாயே என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். படியேறும்போது ஒரு நிமிஷம் எனக்கு அவள்மேல் பெருமையாகக்கூட இருந்தது. அவள் படத்தை சேகரின் மேசைமேல் வீசினாள்.

"மூஞ்சிய பண்ணத் தெரிஞ்சவனுக்குக் கைய பண்ணத் தெரியலியா? கையையும் சேத்து பண்ணியிருந்தா எம் பொண்ணு ஓலை நின்னிருக்குமா?"

அவன் எப்படியும் நேரில் பார்த்திருப்பானே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சேகர் தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான்மா, கையப் பாக்காம உட்டுட்டேன் என்றார். அவருக்கும் தப்பு அதுதான். அந்த அறையில் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைத்த ஒரே ஆள் நான். அன்றைக்கு எனக்கும் அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

5

அதற்கப்புறம் ஏழு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வாசல் மேசைக்கு ஆள் வேண்டும் என்றபோது எனக்கு அடுத்து வந்தவளைப் போட்டார்கள்; எனக்கு உள்ளறையே வசதி என்றார்கள். ஓலை நின்ற பெண் என்ற பெயர் பூந்தமல்லி வரைக்கும் போயிருந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் என்ன தடையாம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தடை என் முகத்திலேயே இருந்ததை யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில், மனைவியை இழந்து கனடாவில் இருந்த ஒருவர் என்னை மணந்துகொண்டார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். படம் கேட்கவில்லை, ஆளையும் அதிகம் கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வருஷம் முன்பு போய்விட்டார், இருந்தவரை முகம் சுளித்ததில்லை. ஊரில் எல்லோரும் கறுப்பிக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பார் என்றார்கள்.

இங்கே வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சீருடையோடு தோல் நிறக் காலுறை போட்டு வர வேண்டும் என்றார்கள். கடையில் தோல் நிறம் என்று எழுதியிருந்ததையே நம்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால் முகம் கறுப்பு, கால் வெளுப்பு. சேகர் செய்த படத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது. இல்லத்தில் இருந்த ஒரு கிழவி நான் தொட்டால் குளிக்க மாட்டேன் என்று அழுவாள். மேற்பார்வையாளர் அவளுக்கு வயதாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பார். சேக்காட்டில் யாரும் வயதைக் காரணம் காட்டியதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த நாட்டுப் படிவங்களில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு, விசிபிள் மைனாரிட்டி. கண்ணுக்குத் தெரிகிற சிறுபான்மை. முதல் தடவை அதற்கு நேரே டிக் செய்தபோது சேக்காட்டுப் பசங்கள் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு நான் சிரித்தால்தான் தெரிவேன். இங்கே சிரிக்காமலே தெரிகிறேன்.

ரூத் பிறந்த அன்று ஆவடிக்கு ஃபோன் போட்டேன். அம்மா முதலில் கேட்டது, "கலரு எப்டி?" குழந்தை என் மார்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பட்டமாக என் நிறம், என் அம்மா நிறம். மாநிறம் என்றேன். ஃபோனில் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் பின்னால் கட்டத்தை டிக் செய்ய ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் ரூத்தின் கன்னத்தில் கொசு கடித்த தழும்பு, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த படத்தை ஆவடிக்கு அனுப்பினேன். அம்மா அதை டிவி பெட்டிமேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். ஃபோனில், "பரவால்லடி, வர வர கலர் ஏறிகினு வருது. அந்த ஊரு தண்ணி" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என்னால் அவளுக்குத் தர முடியாததை ஒரு டிக் தந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவறவில்லை.

6

சென்ற ஜனவரியில் அம்மா போனாள். அந்தோணி அவளுடைய ஜெபமாலையையும் ஜெபப்புத்தகத்தையும் எனக்கு அனுப்பி வைத்தான். புத்தகத்துக்குள் என் படம் இருந்தது. அன்றைக்கு சேகரின் மேசையில் வீசியதை அவள் திரும்ப எடுத்து வந்து இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள்.

இனிமேல் படம் அனுப்ப ஆவடியில் ஆளில்லை. பாஸ்போர்ட் கடையிலிருந்து வந்த சாயங்காலம், பள்ளிக்கூடப் படிவத்தைத் திறந்து, இரண்டாவது கட்டத்தைத் தொடாமல் அனுப்பினேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு நெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. இயல்பான நிறம் என்று அரசாங்கமே கேட்கிறது, நான் ஏன் தரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் போன வாரம் வந்தது. ரூத் உறையைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். படத்தில் என் பெண் இருந்தாள். கறுப்பாக, தெளிவாக, என் அம்மாவின் நெற்றியோடு. அழகாயிருக்கிறாய் என்றேன்.

"அம்மா, இந்தத் தடவை கட்டத்தை டிக் பண்ண மறந்துட்டீங்க," என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எப்பவுமே தெரியும் என்றாள். நான்காம் வகுப்பிலேயே பக்கத்தில் இருந்த பெண், படத்தையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இது நீயா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கிறது என்று ரூத் நினைத்துக்கொண்டாளாம். அவள் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக் கணக்குச் சொல்கிற மாதிரி, பாதி ஆங்கிலத்தில், சாவகாசமாகச் சொன்னாள். வருஷ மலரில் ஒவ்வொரு ஆண்டும் அந்த வெளுப்பு முகம்தான் வந்திருக்கிறது. இப்போது திடீரென்று இது வந்தால் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். இரண்டாம் முறை எடுக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு நான் எழுதித் தர வேண்டும்.

அப்போதுதான் உள்ளே போய் ஜெபப்புத்தகத்தை எடுத்து வந்தேன். சேகரின் படத்தை அவள் முன்னால் வைத்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை, கணவரிடம்கூடச் சொல்லாததை, சொன்னேன். கறுப்பு ராஜா, நெகட்டிவில் பூசிய கரி, கிணற்றடியில் என்னிடமே என் பெயரைக் கேட்டவன், வாசிக்காமல் மடித்து வைத்த தாள். தமிழில் சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் சொன்னேன், ஆங்கிலத்தில் முடியாததற்குக் கையைக் காட்டினேன். ஸ்டூடியோவில் அம்மா போட்ட சண்டையை மட்டும் சொல்லவில்லை. இறந்து ஒரு வருஷம் ஆகாதவளைப் பேத்தியிடம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. முழுதும் கேட்டால் இவள் புரிந்துகொள்வாள், நான் புரிந்துகொள்ளாததையும் சேர்த்துப் புரிந்துகொள்வாள் என்று நம்பினேன்.

ரூத் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் என் முகத்தை மூடினாள். பிறகு முகத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மூடிப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாவம் அம்மா நீங்க," என்றாள். "அந்தப் போட்டோக்காரர் கையையும் சேத்து செஞ்சிருக்கணும்."

என் அம்மாவுக்கும் அவளுக்கும் சரியாக நான்கு வார்த்தை பேசத் தெரியாது. ஃபோனில் சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதற்கு மேல் போனதில்லை. இந்த வாக்கியத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. வருஷா வருஷம் நான்தான் கொடுத்து வந்திருக்கிறேன்.

கணினியைத் திறந்தேன். மறுபடி எடுப்பதற்கான படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது, முடி கலைந்திருந்தது, உடை சரியில்லை என்று மூன்றுதான் இருந்தன. முடி கலைந்திருந்தது என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கீழே வந்து இரண்டாவது கட்டத்தை டிக் செய்தேன். ரூத் என் தோளுக்குப் பின்னால் நின்று, சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு, தேங்க்ஸ்மா என்று சொல்லிப் படிக்கப் போனாள். படத்தில் அவள் முடி ஒரு இழைகூடக் கலைந்திருக்கவில்லை. படம் எடுத்த அன்று காலை நான்தான் சீவி விட்டிருந்தேன்.